பன்னிரண்டு கைகளும் ஒரு கையும்

அந்தத் தீர்மானத்தை எழுதியவள் நான். 'பாலஸ்தீனத்தை உலக சபையில் முழு உறுப்பு நாடாகச் சேர்த்துக்கொள்ள இந்தச் சபை பரிந்துரைக்கிறது.' ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் நான் எழுதியது இந்த ஒரு வாக்கியம்தான். இதற்காக என்மேல் ஏற்பட்ட கோபம் இன்றுவரை சிலருக்கு அடங்கவில்லை. எனக்கும் அவர்கள்மேல் அடங்கவில்லை.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புதிதாக முளைத்த மனைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. எங்கள் தாளாளர் சென்னையில் ஏதோ ஒரு பெரிய பள்ளிக்குப் போயிருந்தபோது, பிள்ளைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து விவாதம் செய்ததைப் பார்த்திருக்கிறார். அதே மாதிரி நம்ம பள்ளியிலும் நடத்த வேண்டும், போட்டோ எடுத்து அட்மிஷன் நோட்டீஸில் போட வேண்டும் என்றார். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"டாபிக் புவி வெப்பமாதல்னு வெச்சிக்கோங்க மேடம். யாருக்கும் பிரச்சனை இல்ல."

"யாருக்கும் பிரச்சனை இல்லாததுக்கு விவாதம் எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

அப்போது பேப்பரைத் திறந்தால் அதே செய்திதான். பாலஸ்தீனம் உலக சபையில் உட்காரலாம், பேசலாம், ஓட்டுப் போட முடியாது. முழு உறுப்பினராக வேண்டுமென்றால், பதினைந்து நாடுகள் உட்காரும் சிறிய சபை முதலில் சம்மதிக்க வேண்டும். அந்தப் பதினைந்தில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ உண்டு. அந்த ஐந்தில் ஒன்று கையைத் தூக்கி வேண்டாம் என்றால் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து வேண்டும் என்றாலும் நடக்காது. இதைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பிள்ளைகள் நேரில் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். தாளாளர் வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சரி என்றார்.

எந்த நாடு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தோம். சீட்டுகளைப் போட்டுக் குலுக்கியது என் டிபன் பாக்ஸில். பதினைந்து நாடுகளோடு, ஓட்டு இல்லாமல் பேச மட்டும் அழைக்கப்பட்ட இரண்டு நாடுகள்: பாலஸ்தீனம், இஸ்ரேல். பாலஸ்தீனச் சீட்டை எடுத்தவள் அண்ணாமலையார் கோயிலில் பூஜை செய்யும் குருக்கள் ஒருவரின் மகள். இஸ்ரேல் சீட்டை எடுத்தவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண்.

வகுப்பே சிரித்தது. "மாத்திக்கோங்கடி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

குருக்களின் மகள் சீட்டை நீட்டினாள். மற்றவள் தன் சீட்டை மடித்துப் பென்சில் பாக்ஸுக்குள் வைத்து மூடினாள். "எனக்கு விழுந்தது எனக்கு," என்றாள். இருவருக்கும் முன்பே பெரிதாக ஒட்டுதல் கிடையாது. முதல் ரேங்க் யாருக்கு என்று மாதா மாதம் முறைத்துக்கொள்கிறவர்கள்.

மறுநாள் காலை இரண்டு அப்பாக்களும் தாளாளர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பட்டை பட்டையாக விபூதி பூசி, மேலே சட்டை போட்டு. இன்னொருவர் கடைச் சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் இருவரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் மட்டும் ஒற்றுமை இருந்தது.

குருக்கள்தான் ஆரம்பித்தார். "மேடம், எங்க கொழந்தைக்கு வேற நாடே கெடைக்கலையா? சன்னதியில நிக்கறவன் நான். நாளைக்கு நாலு பேர் கேப்பா. உன் பொண்ணு அவாளுக்குப் பரிஞ்சு பேசறாளாமேன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"சீட்டுல வந்ததுன்னு சொல்லுங்க."

"எதிர்ப்பேச்சு பேசாதீங்கோ."

செல்போன் கடைக்காரர் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அவர் பேச்சு இன்னும் கடுமையாக இருந்தது. "டெய்லி ராத்திரி எங்க வீட்ல அந்த ஊர் புள்ளைங்க படத்தைப் பார்த்துட்டு அவங்கம்மா சோறு திங்காம எழுந்து போறா. அந்த வீட்டுப் பொண்ணை இஸ்ரேல்னு போர்டு வெச்சி உக்கார வெக்கிறீங்க. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிக்கறது மேடம்?"

தாளாளர் இடையில் புகுந்தார். "சிம்பிள். ரெண்டையும் மாத்திடுங்க. முடிஞ்சிது."

"மாத்தினா முடியாது சார். மாத்தினா, இது சீட்டுல விழுந்தது இல்ல, மதத்தைப் பார்த்துக் குடுத்ததுன்னு ஆயிடும். அதை நான் செய்ய மாட்டேன். வேணும்னா நிகழ்ச்சியவே நிறுத்திடுங்க. போட்டோக்காரருக்கு நீங்களே சொல்லிடுங்க."

தாளாளருக்கு முகம் சிவந்தது. நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. வெளியே நின்றிருந்த இரண்டு பெண்களையும் உள்ளே கூப்பிடச் சொன்னார்.

செல்போன் கடைக்காரர் தன் மகளிடம், "மாத்திக்கிறியாம்மா?" என்று கேட்டார்.

"நான் எழுதி முடிச்சிட்டேன் அத்தா," என்றாள் அவள்.

"என்ன எழுதின?"

"அந்த ஊர்க்காரங்க என்ன சொல்லுவாங்களோ அதை. நான் என்ன நினைக்கிறேனோ அதை இல்ல."

குருக்களின் மகள் குனிந்த தலையை நிமிர்த்தினாள். "இவ மாத்தலைன்னா நானும் மாத்த மாட்டேன்," என்றாள். அது பாலஸ்தீனத்தின்மேல் வந்த பாசமல்ல. எதிரி பின்வாங்காதபோது தான் மட்டும் பின்வாங்க முடியாது என்கிற வீம்பு. குருக்கள் எழுந்து மகளை ஒரு முறை பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "இதுக்கு நீங்கதான் பொறுப்பு," என்று சொல்லிவிட்டுப் போனார். தாளாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். யாரும் வீடியோ எடுக்கக் கூடாது.

நிகழ்ச்சி நடந்த அன்று வெயில் தாங்கவில்லை. எங்கள் ஹால் தகரக் கூரை போட்டது. மின்விசிறிகள் சூடான காற்றையே திரும்பத் திரும்பத் தள்ளின. பிள்ளைகள் அண்ணன்மார்களின் கோட்டுகளில் வேர்த்து நனைந்திருந்தார்கள். பெற்றோர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். குருக்கள் வந்திருந்தார். கடைக்காரர் வரவில்லை. நான்தான் சபைத் தலைவர்.

பாலஸ்தீனம் முதலில் பேசியது. மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். எத்தனையோ நாடுகள் ஏற்கெனவே எங்களை நாடு என்று ஏற்றுக்கொண்டிருக்கின்றன, இந்தியா ரொம்ப முன்னாடியே ஏற்றுக்கொண்டது, எங்களுக்குக் கொடியிருக்கிறது, தூதர்கள் இருக்கிறார்கள் என்று. சுமாரான கைதட்டல்.

பிறகு இஸ்ரேல் எழுந்தது. கையில் பேப்பரே இல்லை.

"எங்க ஆளுங்க எந்த ஊர்ல இருந்தாலும் துரத்தினாங்க. துரத்தாத ஊர் ஒண்ணு வேணும்னு வந்தோம். எங்க வீட்டுக் கதவை யாராவது தட்டினா, யாருன்னு கேட்டுட்டுதான் திறப்போம். அப்படிப் பழகிட்டோம். ஏன்னா கேட்காம திறந்த நாள்ல செத்திருக்கோம். இப்போ பக்கத்துல ஒரு நாடு வேணும்னு கேக்கறீங்க. அந்த நாட்டோட எல்லை எங்க முடியுது? யாருக்கும் தெரியாது. எல்லை தெரியாத நாட்டுக்கு இங்க நாற்காலி போட்டா, அந்த நாற்காலியோட நாலு காலும் யாரு வீட்டுக்குள்ள இருக்கும்? எங்ககிட்ட நேருக்கு நேரா உக்காந்து பேசி முடிங்க. ஓட்டுப் போட்டு எங்க தலைக்கு மேல முடிக்காதீங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் அந்தப் பேச்சை ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. பதினாலு வயதுப் பெண் தன் வீட்டில் சோறு இறங்காமல் போவதற்குக் காரணமானவர்கள் என்று நினைக்கும் மனிதர்களின் வாய்க்குள் புகுந்து, அவர்களின் பயத்தைப் பேசிவிட்டாள். பெரியவர்கள் யாருக்கும் வராத காரியம்.

பாலஸ்தீனம் அனுமதி கேட்காமலே எழுந்தாள். அவள் கையிலிருந்த பேப்பர் கசங்கியிருந்தது. இப்போது ஒப்பிக்கவில்லை. குரல் உடைந்து, கோபத்தில் வந்தது.

"எல்லை முடிவாகலைன்னு சொல்றீங்களே, முடிவாகாம வெச்சிருக்கறது யாரு? உங்களுக்கு இங்க நாற்காலி போட்டப்போ உங்க எல்லை முடிவாயிருந்துச்சா? கதவு தட்டினா யாருன்னு கேட்டுட்டுத் திறப்பீங்க. எங்களுக்குக் கதவே இல்லியே, நாங்க எதைத் திறக்கறது? நேருக்கு நேரா உக்காந்து பேசணும்னா ரெண்டு நாற்காலி வேணும். ஒரு நாற்காலிய வெச்சிக்கிட்டு, நீங்க அதுல உக்காந்துக்கிட்டு, என்னை நின்னுக்கிட்டே பேசுங்கறீங்க!"

பின்னால் உட்கார்ந்திருந்த குருக்கள் முன்னால் சாய்ந்தார்.

நான் ஓட்டெடுப்பை அறிவித்தேன். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னேன். பன்னிரண்டு கைகள். இரண்டு பேர் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. எதிர்ப்பவர்கள் என்றேன். அமெரிக்காவாக உட்கார்ந்திருந்த பையன், தன் அதிகாரம் என்ன என்று முழுவதும் தெரிந்தவனாக, சிரித்துக்கொண்டே மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"ஒரு வீட்டோ. தீர்மானம் தோற்றது," என்றேன்.

"மேடம்!" பாலஸ்தீனம் கத்தினாள். "பன்னெண்டு ஜாஸ்தியா, ஒண்ணு ஜாஸ்தியா?"

"இந்தச் சபையில அந்த ஒண்ணுதான் ஜாஸ்தி."

அவள் தன் பெயர்ப்பலகையை மேசைமேல் குப்புறக் கவிழ்த்துவிட்டு ஹாலைவிட்டு வெளியே போனாள். அமெரிக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவனை ஒரு அறை விட வேண்டும்போல் எனக்குக் கை பரபரத்தது. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

வீடியோ எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பெற்றோரில் யாரோ ஒருவர் மதிக்கவில்லை. இரண்டாம் நாளே இஸ்ரேலின் பேச்சு மட்டும் துண்டாக வெட்டப்பட்டு ஊரைச் சுற்றியது. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் தம்பியின் மூலமாக எங்கள் குடும்ப குரூப்புக்கே வந்துவிட்டது. பெயர்ப்பலகை படத்தில் விழவில்லை. கோட்டுக்குள் தெரிந்த பள்ளிச் சீருடையும் முகமும் குரலும் மட்டும். 'பாருங்க, அவங்க வீட்டுப் பொண்ணே ஒத்துக்கிது' என்று ஒரு கூட்டம் அதைக் கொண்டாடியது. 'சொந்த மக்களை விற்றவள்' என்று இன்னொரு கூட்டம் திட்டியது. கொண்டாடியவர்கள் எழுதியதுதான் படிக்க அதிகம் கூசியது. அது ஒரு போட்டி, அவளுக்குக் குலுக்கலில் விழுந்த நாடு அது என்று நான் குடும்ப குரூப்பில் எழுதினேன். 'நீ எதுக்கு இதெல்லாம் பசங்களுக்குச் சொல்லித் தர்ற?' என்று தம்பி கேட்டான். நான் குரூப்பைவிட்டு வெளியே வந்தேன். இன்னும் திரும்பச் சேரவில்லை.

அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. கடை ஷட்டரில் யாரோ அசிங்கமாக எழுதி ஒட்டியிருந்தார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க. பேரண்ட்ஸ் குரூப்புல போட்டுடலாம்."

"எதுக்கு மன்னிப்பு? வீடியோ எடுத்தவங்களை எழுதச் சொல்லுங்க."

"அது யாருன்னு தெரியாது."

"குரூப்புல முதல்ல போட்டது யாருன்னு பார்த்தா தெரியும். அவர் ஃபீஸ் கட்டற ஆளு, நான் சம்பளம் வாங்கற ஆளு. அதானே?"

அடுத்த வாரம் ஒன்பது, பத்தாம் வகுப்புகள் என்னிடமிருந்து எடுக்கப்பட்டன. ஆறாம் வகுப்பும், சாயங்காலம் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடும் வேலையும் தரப்பட்டன. ராஜினாமா செய்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குத் தர எனக்கு மனசு வரவில்லை.

அந்த வேன் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் குருக்கள் என்னைத் தேடி வந்தார். நடையிலேயே கோபம் தெரிந்தது. இன்னொரு சண்டை என்று நினைத்து நானும் தயாரானேன்.

"மேடம், நேக்கு ஒண்ணு புரியணும். பன்னெண்டு பேர் வேணும்னான். ஒருத்தன் வேணாம்னான். எங்க கொழந்தை எப்படித் தோத்தா?"

"விதி அப்படி சார்."

"யார் போட்ட விதி?"

"அந்த அஞ்சு நாடும் சேர்ந்து போட்டுக்கிட்டது."

"அவாளே போட்டுண்டு, அவாளே கை தூக்கிப்பாளா? இதுக்குப் பேர் சபையா? அன்னிலேர்ந்து சரியா சாப்பிடாம படுத்துண்டிருக்கா. நீங்க இந்த அக்கிரமத்தைத் தெரிஞ்சேதான் கொழந்தைகள்ட்ட குடுத்தேளா?"

"ஆமா. தெரிஞ்சேதான்."

அவர் என்னைப் பொசுக்கிவிடுவதுபோல் பார்த்தார். பாலஸ்தீனத்தின்மேல் அவருக்கு எந்த அபிமானமும் அன்றும் இல்லை, பிறகும் வந்ததாகத் தெரியவில்லை. அவர் மகளை அநியாயமாகத் தோற்கடித்துவிட்டார்கள். அவருக்கு அது ஒன்றுதான் வழக்கு. "நன்னா இருங்கோ," என்று சபிப்பதுபோல் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

நான் செல்போன் கடைக்குப் போனேன். மத்தியான நேரம், கூட்டம் இல்லை. ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. கடைக்காரர் ஒரு போனின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிரவில்லை.

"பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்புங்க சார். பரீட்சை வருது."

"நீங்க இங்க வந்து நிக்காதீங்க மேடம். நீங்க நிக்கறதை இன்னும் நாலு பேர் பார்ப்பாங்க. அப்புறம் உங்களையும் சேர்த்துப் பேசுவாங்க."

"பேசட்டும்."

"உங்களுக்கு என்ன, பேசிட்டுப் போயிடுவீங்க. எங்களைப் பேசினா அது பேச்சோட நிக்காது." இப்போதுதான் நிமிர்ந்தார். "அன்னைக்கே வந்து சொன்னனா இல்லியா? மாத்துங்கன்னு? பிடிவாதம் புடிச்சீங்க. மதத்தைப் பார்க்க மாட்டேன்னீங்க. நீங்க பார்க்கலைன்னா ஊர் பார்க்காதா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மாற்றியிருந்தால் சரியாகப் போயிருக்கும் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அங்கே வழியில்லை.

கடைக்குப் பின்னால் வீடு. திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். அழுத முகம் இல்லை. சண்டைக்கு நிற்கும் முகம்தான்.

"மேடம், எல்லாரும் என்னென்னமோ சொன்னாங்க. நான் நல்லா பேசினனா இல்லியா, அதை மட்டும் யாரும் சொல்லல."

"ரொம்ப நல்லா பேசின."

"அவளைவிட?"

"கடைசிக்கு முன்னாடி வரைக்கும் நீதான் மேல. கடைசில அவ."

"அந்த நாற்காலி விஷயம். ரெண்டு நாற்காலி வேணும்னு சொன்னது. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல மேடம். அப்பவும் இல்ல. வீட்டுல உக்காந்து யோசிச்சேன், இப்பவும் இல்ல."

"உள்ள போம்மா," என்றார் அப்பா. என்னைப் பார்த்து, "போயிட்டு வாங்க மேடம்," என்றார். நான் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன்.

அவள் பரீட்சைக்கு மட்டும் வந்தாள். தனி அறையில் உட்கார வைத்து எழுதச் சொன்னார்கள். பாதுகாப்புக்காம். அடுத்த வருஷம் அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். குருக்களின் மகள் ஒருநாள் ஆறாம் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், அவளை ஏன் போக விட்டீங்க?"

"உனக்குத்தான் அவளைப் பிடிக்காதே."

"பிடிக்காதுதான். அதுக்காக? அவ பேசினதுல இன்னும் ரெண்டு பாயிண்டுக்கு நான் பதில் சொல்லல. கதவு தட்டறதுக்குச் சொன்னது சரியான பதில் இல்ல, கோபத்துல சொன்னது. இப்போ யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"அவகிட்ட போய்ச் சொல்லு."

"அவ வீட்டுக்கா?" என்று கேட்டாள். ஒரே ஊர்தான். ஷேர் ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அவள் போகவில்லை. இந்தப் பக்கம் அவளைக் கூட்டிப்போக யாரும் இல்லை, அந்தப் பக்கம் கதவைத் திறக்கவும் யாரும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அதன் பிறகு ஒரு நாள், நிஜமான உலக சபையில் தலைவர்கள் கூடிய நேரத்தையொட்டி, பெரிய நாடுகள் சில ஒன்றன் பின் ஒன்றாக, பாலஸ்தீனத்தை நாடாக ஏற்றுக்கொள்கிறோம் என்று அறிவித்தன. இவ்வளவு காலம் மௌனமாக இருந்த நாடுகள். மேடையில் ஒருவர் சொல்லி முடித்ததும் சபையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டுவதை டிவியில் காட்டினார்கள். கைதட்டலுக்குக் கீழே ஓடிய செய்தியில் அந்த ஊரில் அன்றைக்குச் செத்தவர்களின் எண்ணிக்கை. எனக்குக் கைதட்டலும் பிடிக்கவில்லை, அந்த எண்ணிக்கையைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. டிவியை அணைத்தேன்.

மறுநாள் குருக்களிடமிருந்து போன் வந்தது. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை.

"மேடம், பேப்பர்ல போட்டிருக்கான். நெறைய பேர் ஒத்துண்டாளாமே. இப்போ சேர்த்துப்பாளா?"

"மாட்டாங்க சார். அந்த வீட்டோ அப்படியேதான் இருக்கு."

"அப்போ இவா ஒத்துண்டதுக்கு என்ன அர்த்தம்?"

"நீங்க இருக்கறதை நாங்க பார்த்துட்டோம்னு அர்த்தம்."

"பார்க்கறதுக்கே இத்தனை வருஷமா?" என்றார். பக்கத்தில் மகள் ஏதோ கேட்டாள், சரியாகக் காதில் விழவில்லை. "சரி, வெச்சுடறேன்," என்று துண்டித்துவிட்டார்.

உலக சபை விவாதம் எங்கள் பள்ளியில் மறுபடி நடக்கவில்லை. அதற்குப் பதில் இந்த வருஷம் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். பெற்றோர்கள் எல்லோரும் வீடியோ எடுக்கலாம் என்று தாளாளரே மைக்கில் அறிவித்தார். என்னை நடுவராகப் போட்டார்கள். மயில், விவசாயி, டாக்டர், போலீஸ் என்று வரிசையாக வந்தார்கள். கத்திரிக்காய் வேஷத்தில் வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் பரிசு கொடுத்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. தாளாளர் பலமாகக் கைதட்டினார். நான் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வேன் வரிசையைப் பார்க்கக் கிளம்பினேன்.